ஃபங்ஷனையே ஆர்குமென்டாகக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் பிரிவில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களும் சரி, மண்டபத்துப் பிள்ளைகளும் சரி, ஒரே வரியில்தான் வந்து நிற்கிறார்கள். ஆவணத்தில் "இந்த இடத்தில் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கவும்" என்று எழுதியிருக்கும் வரி அது. ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, அதைக் கூப்பிடும்போது அதன் கையில் கொடுப்பது ஆர்குமென்ட். அதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளையும், வாயால் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிரல் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், காதால் கேட்பதுபோல வாசித்துக்கொள்ளுங்கள். கணினியில் தட்டும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஃபங்ஷனைக் கொடுப்பது என்றால் என்ன? அது தரும் விடையைக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. வீட்டில் ஒரு விசேஷம், வருகிறவர்களுக்குத் தே தாரிக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாமாக் கடையில் ஐம்பது பாக்கெட் புங்குஸ் (பொட்டலம்) கட்டி வாங்கி வரலாம். தேநீர் அங்கேயே ஆற்றி முடிந்துவிட்டது, சீனியும் போட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. இல்லையென்றால் தேநீர் ஆற்றுகிற ஆளையே வீட்டுக்கு அழைத்து வந்து பின்கட்டில் நிறுத்தலாம். அவர் வரும்போது ஒரு குவளை தேநீர்கூட இருக்காது. விருந்தினர் ஒவ்வொருவராக வர வர, வீட்டுக்காரர் குரல் கொடுப்பார், "ஒன்று கூராங் மானிஸ்" (சீனி குறைவாக) என்பார், அவர் ஆற்றித் தருவார். எத்தனை பேர் வருவார்கள், எப்போது வருவார்கள் என்பது ஆற்றுகிறவருக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தேநீர் ஆற்றத் தெரியாது. இருவரும் சேர்ந்தால் வேலை நடக்கிறது.

நிரலில் ஆற்று() என்று அடைப்புக்குறியோடு எழுதினால் அது புங்குஸ். வெறும் ஆற்று என்று பெயரை மட்டும் எழுதினால் அது ஆளையே அழைத்து வருவது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஃபங்ஷன் என்பது எண், சரம் (எழுத்துத் தொடர்) போல ஒரு மதிப்புதான், அதனால் அதை மாறியில் வைக்கலாம், பட்டியலில் போடலாம், இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். இப்படி எல்லா உரிமையும் உள்ள மதிப்பை "முதல் வகுப்பு" மதிப்பு என்று சொல்வது கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி 1960களில் கொண்டுவந்த வழக்கு. ஆவணங்களில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இதைத்தான் சொல்கிறார்கள்.

தெரியாமல் அடைப்புக்குறி போட்டுவிட்டால் கணினியே பிழை என்று சொல்லிவிடாதா?

எப்போதும் சொல்லாது, அதுதான் ஆபத்து. எங்கள் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்னக் கருவி, அதில் "பதிவேற்று" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அன்றைய அளவீடுகள் சர்வருக்குப் போக வேண்டும், போகும்போது திரை உறையக் கூடாது என்பதற்காகத் தனி த்ரெட்டில் (பக்கவாட்டில் தனியாக ஓடும் வேலையில்) ஓட்டச் சொல்லி எழுதியிருந்தோம்:

வேலை = த்ரெட்(டார்கெட்=அனுப்பு())
வேலை.ஸ்டார்ட்()

அளவீடுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திரை அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே உறைந்து நின்றது. நெட்வொர்க்தான் மெதுவாக இருக்கிறது என்று எல்லாரும் நம்பினோம், கேபிளை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம், பல நாள் போனது. கடைசியில் பார்த்தால் அந்த இரண்டு அடைப்புக்குறிகள். அனுப்பு() என்று எழுதியதால், த்ரெட் உருவாவதற்கு முன்பே, திரையை ஓட்டுகிற அதே இடத்தில் முழு வேலையும் நடந்து முடிந்துவிடுகிறது. அது எதையும் திருப்பித் தராத ஃபங்ஷன், ஆகவே "நன்" என்ற வெறுமை மதிப்புதான் டார்கெட்டாகப் போய்ச் சேர்கிறது. பைத்தான் ஆவணத்தைத் திறந்தால், டார்கெட்டின் இயல்பு மதிப்பே "நன்" என்றும், அப்படியிருந்தால் எதுவும் கூப்பிடப்படாது என்றும் எழுதியிருக்கிறது. அதாவது நாங்கள் கொடுத்தது முறைப்படி செல்லுபடியாகும் மதிப்பு. த்ரெட் பிறந்தது, செய்ய ஒன்றும் இல்லை, போய்விட்டது.

ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்ய உதவும் பைத்தானின் டிகின்டரில், பொத்தானுக்குக் கமாண்ட்=சேமி() என்று எழுதுவதும் இதே கதைதான். ஜன்னல் திறக்கும்போது ஒருமுறை சேமிக்கும், அப்புறம் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தமே இருக்காது. ஜாவாஸ்கிரிப்டில், சற்று நேரம் கழித்து ஓட்டச் சொல்லும் செட்டைம்அவுட்டுக்குள் அடைப்புக்குறி போட்டால் காத்திருக்க வேண்டியது காத்திருக்காமல் உடனே ஓடிவிடும்.

"நன்டைப் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்" என்று வருகிறதே?

மேலே சொன்ன அதே தவறு, இந்த முறை கணினி கண்டுபிடித்துவிட்டது. ஃபங்ஷன் கேட்ட இடத்தில் விடையைக் கொடுத்துவிட்டீர்கள், அந்த விடை வெறுமையாக இருந்திருக்கிறது, அதைப் போய்ப் பைத்தான் கூப்பிடப் பார்த்திருக்கிறது, அது "காலபிள்" இல்லை, அதாவது கூப்பிடக்கூடியது இல்லை. அடைப்புக்குறியை எடுங்கள்.

ஆவணத்தை வாசித்தாலும் புரியவில்லை. எதைத் தேடி வாசிக்க வேண்டும்?

நான்கு விஷயம் தேடுங்கள். என் ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள், எப்போது எத்தனை முறை கூப்பிடுகிறார்கள், கூப்பிடும்போது கையில் என்ன தருகிறார்கள், நான் திருப்பித் தருவதை வைத்து என்ன செய்கிறார்கள். பெரும்பாலான ஆவணங்கள் மூன்றாவதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். குழப்பம் எல்லாம் மற்ற மூன்றில்தான் இருக்கிறது.

பட்டியலை வரிசைப்படுத்தித் தரும் பைத்தானின் சார்ட்டட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "கீ என்பது ஒரு ஆர்குமென்ட் வாங்கும் ஃபங்ஷன், ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஒப்பிடுவதற்கான மதிப்பை எடுக்கப் பயன்படும்" என்ற பொருளில் ஆவணம் சொல்கிறது. தெரிந்தவருக்கு இது முழு வாக்கியம். மண்டபத்தில் ஒரு மாணவி இதை வாசித்துவிட்டுக் கேட்டாள், "சார், அந்த ஒரு ஆர்குமென்டை நான் எங்கே எழுதுவது?" கேள்வி நியாயமானது. வாக்கியத்தில் யார் கொடுப்பார் என்பது இல்லை. நீங்கள் எழுத வேண்டியதில்லை, சார்ட்டட்தான் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து உங்கள் ஃபங்ஷனிடம் நீட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு முறை. ஆயிரம் பெயர் இருந்தால் ஆயிரம் முறை. நீங்கள் திருப்பித் தரும் மதிப்புகளை வைத்துத்தான் அது வரிசை போடும், ஆனால் கடைசியில் உங்களிடம் வருவது அந்த மதிப்புகள் இல்லை, பழைய பெயர்களேதான், வரிசை மாறி.

பைத்தான் 3இல் மேப்பும் ஃபங்ஷன் வாங்கும், ஒவ்வொரு உறுப்பையும் நீட்டும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மேப் உடனே எதையும் கூப்பிடாது. நீங்கள் அந்த விடையை லிஸ்ட்டாக மாற்றும்போதோ, ஃபார் வைத்து ஓட்டும்போதோதான் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பிக்கும். "மேப் போட்டேன், உள்ளே பிரின்ட் வைத்தேன், ஒன்றுமே அச்சாகவில்லை" என்று வருகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

"எப்போது" என்பது இன்னொரு வகையிலும் கடிக்கும். சிக்னல் (ஓடும் நிரலுக்கு வெளியிலிருந்து வரும் சைகை) வந்தால் ஓடட்டும் என்று ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்கிறீர்கள். பைத்தான் அதைக் கூப்பிடும்போது சிக்னல் எண், அந்த நேரத்து ஃப்ரேம் (நிரல் அப்போது நின்ற இடம்) என்று இரண்டு ஆர்குமென்ட் தரும். நீங்கள் ஒன்றுமே வாங்காத ஃபங்ஷனைக் கொடுத்திருந்தால், பதிவு செய்யும்போது யாரும் உங்களைத் தடுக்கமாட்டார்கள். என்றைக்கோ ஒருவர் கன்ட்ரோல்-சி அழுத்துவார், அப்போதுதான் "இரண்டு கொடுத்தார்கள், இது வாங்குவதோ பூஜ்யம்" என்று வெடிக்கும். ஃபங்ஷனைக் கொடுக்கும் நாளும் தவறு வெளிப்படும் நாளும் வேறு வேறாக இருக்கும். ஆகவே கொடுக்கும் நாளிலேயே ஒருமுறை அந்தச் சூழலை உண்டாக்கிப் பார்த்துவிடுங்கள்.

வெறும் எண்களை வரிசைப்படுத்தினால் சலிப்பாக இருக்கிறது. நம் வேலைக்கு ஆகும் உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் இதுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் ஒரு குழுவுக்குத் தொண்டர் பட்டியல் தயாரித்துக் கொடுத்தோம். நம் நாட்டில் அடையாள அட்டைப் பெயர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், முதலில் சொந்தப் பெயர், நடுவில் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி, அப்புறம் தந்தை பெயர். அண்ணன் தங்கைகளை ஒரே வேளையில் போட வேண்டும், வீட்டுக்கு ஒரு வண்டிதான் இருக்கும் என்பதால் தந்தை பெயர்ப்படி வரிசை கேட்டார்கள்.

டெஃப் தந்தை_பெயர்(முழுப்பெயர்):
    ஃபார் குறி இன் [" ஏ/எல் ", " ஏ/பி "]:
        இஃப் குறி இன் முழுப்பெயர்:
            ரிட்டர்ன் முழுப்பெயர்.ஸ்ப்ளிட்(குறி)[1]
    ரிட்டர்ன் முழுப்பெயர்

சார்ட்டட்(பட்டியல், கீ=தந்தை_பெயர்)

கடைசி வரியில் தந்தை_பெயர் என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லை, பாருங்கள். குறி இல்லாத பெயரும் வரும், அப்போது முழுப்பெயரையே திருப்பிவிடுகிறோம், இல்லையென்றால் சிலருக்கு "நன்" போய், சரத்தையும் வெறுமையையும் ஒப்பிட முடியாது என்று பைத்தான் நின்றுவிடும்.

அடுத்து வந்தது அகரவரிசைச் சிக்கல். பெயர்களைத் தமிழில் தட்டி, கீ எதுவும் கொடுக்காமல் சொந்தப் பெயர்ப்படி வரிசைப்படுத்தினால் இப்படி வந்தது: வசந்தி, வனஜா, வரதன், வள்ளி. குழுவில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியை பார்த்த உடனே, "வனஜா கடைசியில்ல வரணும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன என்று வருகிறது, னகரம் கடைசி. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யுனிகோடில் நகரத்துக்கு அடுத்த இடத்தில் னகரம், அதற்குப் பிறகுதான் பகரம். றகரம் ரகரத்தை ஒட்டி இருக்கிறது, ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் வந்துவிடுகின்றன, ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பைத்தான் அந்த எண்களை வைத்துத்தான் சரங்களை ஒப்பிடுகிறது, அதனால் வந்த வினை.

இதற்கும் கீ ஃபங்ஷன்தான் மருந்து. 247 எழுத்தையும் அரிச்சுவடி வரிசையில் ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டோம். ஒரு பெயரை வாங்கி, எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தும் பட்டியலில் எத்தனையாவது என்ற எண்களைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதினோம். எழுத்தாகப் பிரிக்க ஓபன்-தமிழ் நூலகத்தில் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பில்) கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் பைத்தானுக்கு "ளி" என்பது ஒரு எழுத்து இல்லை, ளகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. எண் பட்டியல்களைப் பைத்தான் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும், அதனால் வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புள்ளி வைத்த எழுத்தை எங்கே வைப்பது என்பதும் அந்தப் பட்டியலிலேயே முடிவாகிவிடும்.

ஓட்டியதும் முதல் முறையே நின்றுவிட்டது. வனஜாவின் "ஜா" 247இல் இல்லை! பிழைச் செய்தி சார்ட்டட் வரியைக் காட்டிவிட்டு, அதற்குக் கீழே எங்கள் ஃபங்ஷனின் வரியைக் காட்டியது. நாங்கள் நேரடியாகக் கூப்பிடாத ஃபங்ஷன் பிழைப் பட்டியலில் சார்ட்டட்டுக்கு உள்ளே தெரிகிறதே, அதைவிடத் தெளிவாக "இதைக் கூப்பிட்டது சார்ட்டட்" என்பதைக் காட்ட முடியாது. பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் பிழையை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டுகிறேன். கிரந்த எழுத்துகளைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தோம், வசந்தி, வரதன், வள்ளி, வனஜா என்று வந்தது, ஆசிரியை தலையசைத்தார்.

லேம்டா என்பது வேறு வகை ஃபங்ஷனா?

அதே ஃபங்ஷன்தான், பெயர் வைக்காதது. ஓர் இடத்தில் மட்டும் தேவைப்படும் ஒரு வரி வேலை என்றால் லேம்டா சுருக்கம். இரண்டு வரி யோசிக்க வேண்டியிருந்தால் டெஃப் போட்டுப் பெயர் வையுங்கள், பிழை வரும்போது பெயர் தெரியும். இந்தச் சொல் அலான்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லேம்டா கணிதத்திலிருந்து வந்தது.

காலபிள்[[ஸ்ட்ரிங்], எண்] என்று ஆவணத்தில் இருக்கிறது. இதை எப்படி வாசிப்பது?

உள்ளே இருக்கும் சதுர அடைப்புக்குள் இருப்பது அவர்கள் உங்களுக்குத் தருவது, கடைசியில் இருப்பது நீங்கள் அவர்களுக்குத் தருவது. இங்கே ஒரு சரம் தருவார்கள், நீங்கள் ஓர் எண் திருப்ப வேண்டும். பைத்தானில் இந்தக் குறியீடு 2015இல் 3.5 பதிப்போடு வந்தது. நல்ல குறியீடு, நிறையத் தவறுகளை எடிட்டரிலேயே பிடித்துத் தரும். ஆனால் அது "எப்போது", "எத்தனை முறை" என்பதைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. குறியீடு போட்டாகிவிட்டது, விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிற எழுத்தாளர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

என் ஃபங்ஷனுக்கு இரண்டு ஆர்குமென்ட் வேண்டும், அவர்கள் ஒன்றுதான் தருகிறார்கள். அல்லது பொத்தான் ஒன்றுமே தருவதில்லை. என்ன செய்வது?

மீதியை நீங்களே முன்கூட்டி நிரப்பிக் கொடுங்கள். பைத்தானில் ஃபங்டூல்ஸ் தொகுதியில் பார்ஷியல் இருக்கிறது: பார்ஷியல்(காட்டு, 3) என்றால் "காட்டுவை 3 என்ற எண்ணோடு கூப்பிடத் தயாராக வைத்த புது ஃபங்ஷன்". லேம்டாவும் போடலாம், ஆனால் ஃபாருக்குள் போடும்போது கவனம்:

ஃபார் எண் இன் [1, 2, 3]:
    பொத்தான்(கமாண்ட்=லேம்டா: காட்டு(எண்))

மூன்று பொத்தானும் 3ஐத்தான் காட்டும். லேம்டா அந்த நேரத்து எண்ணைப் பிடித்துவைக்கவில்லை, "எண்" என்ற மாறியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது போய்ப் பார்க்கிறது, அப்போது மாறியில் 3 இருக்கிறது. லேம்டா எண்=எண்: காட்டு(எண்) என்று எழுதினால் அந்தந்தச் சுற்றின் மதிப்பு ஒட்டிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் மாறியை வார் போட்டு அறிவித்து ஓட்டினால் இதே கோளாறு வரும், 2015இல் வந்த லெட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி கிடைக்கும்.

எதிர்ப்பக்கம்: நான் ஒன்று கேட்டேன், அவர்கள் அதிகமாகத் தருகிறார்களே?

ஜாவாஸ்கிரிப்டில் இது அடிக்கடி நடக்கும். மூன்று பேர் பத்துப் பத்து ரிங்கிட் நன்கொடை கொடுத்தார்கள், படிவத்திலிருந்து "10", "10", "10" என்று சரமாக வந்திருக்கிறது, எண்ணாக்க மேப்(பார்ஸ்இன்ட்) போட்டீர்கள். வருகிற விடை 10, நேன் ("எண் இல்லை" என்ற மதிப்பு), 2. முப்பது ரிங்கிட் காணோம்.

காரணம் ஆவணத்தில்தான் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் மேப் உங்கள் ஃபங்ஷனுக்கு மூன்று ஆர்குமென்ட் தருகிறது: உறுப்பு, அதன் இடம், முழு வரிசை. பார்ஸ்இன்ட் இரண்டு வாங்கும்: சரம், எந்த அடிமானத்தில் வாசிக்க வேண்டும் என்ற எண். ஆகவே இடம் போய் அடிமானமாக உட்கார்ந்துகொள்கிறது. முதலாவதுக்கு 0, அதை "சொல்லவில்லை" என்று எடுத்துக்கொண்டு பத்தடிமானத்தில் வாசிக்கும். இரண்டாவதுக்கு 1, அப்படி ஓர் அடிமானத்தை அது ஏற்பதில்லை, அதனால் நேன். மூன்றாவதுக்கு 2, இரும எண்ணில் "10" என்றால் இரண்டு. மேப்பின் பக்கமும் சரியாக இருக்கிறது, பார்ஸ்இன்டின் பக்கமும் சரியாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வாசிக்கிற பொறுப்பு நம்மிடம் விழுகிறது. மேப்(எக்ஸ் => பார்ஸ்இன்ட்(எக்ஸ், 10)) என்று எழுதிவிடுங்கள்.

ஒப்பிடும் ஃபங்ஷன் கேட்கிறார்கள். பெரியதா சிறியதா என்று ட்ரூ, ஃபால்ஸ் திருப்பினால் போதாதா?

போதாது. ஜாவாஸ்கிரிப்டின் சார்ட்டும் சி மொழியின் கியூசார்ட்டும் மூன்று வகை விடை எதிர்பார்க்கின்றன: முதலாவது முன்னே வர வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழ், சமம் என்றால் பூஜ்யம், பின்னே வர வேண்டுமானால் பூஜ்யத்துக்கு மேல். ட்ரூ என்பது 1 ஆகிவிடும், ஃபால்ஸ் 0 ஆகிவிடும், "முன்னே" என்று சொல்ல வழியே இல்லாமல் போகும். குரோம் பழைய பதிப்புகளில் பத்து உறுப்பு வரைக்கும் வேறு முறையில் வரிசைப்படுத்தியதால், இப்படித் தவறாக எழுதியவர்களுக்குச் சின்னப் பட்டியலில் சரியாகவே வந்துகொண்டிருந்தது. 2018இல் அந்த முறை மாறியதும் பலருடைய நிரல் உடைந்தது. "எனக்கு ஓடுகிறதே" என்பது ஆவணத்துக்கு ஈடாகாது.

ஜாவாஸ்கிரிப்ட் சார்ட்டுக்கு ஃபங்ஷனே கொடுக்காவிட்டால் எண்களையும் சரமாக்கித்தான் ஒப்பிடும். 10, 9, 1 கொடுத்தால் 1, 10, 9 என்று வரும். சி மொழியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத் திருப்புவது வழக்கம், பெரிய எண்களில் அது எல்லை தாண்டிக் குறி மாறிவிடும், கழிக்காமல் ஒப்பிட்டே திருப்புங்கள்.

பைத்தான் 3 ஒப்பிடும் ஃபங்ஷனை எடுத்துவிட்டது, கீ மட்டும்தான். பழைய ஒப்பீட்டு ஃபங்ஷன் கையில் இருந்தால் ஃபங்டூல்ஸின் சிஎம்பி_டு_கீ அதைக் கீயாக மாற்றித் தரும்.

நான் நூலகம் எழுதுகிறேன். ஃபங்ஷன் வாங்கும் ஆர்குமென்டுக்கு எப்படி விளக்கம் எழுதுவது?

எங்கள் கோப்பு வாசிக்கும் நூலகத்தில் முன்பு இப்படி ஒரு வரி இருந்தது: "ஆன்_எரர்: பிழை நேரும்போது பயன்படும் ஃபங்ஷன்." அதைப் பற்றி வாரத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு வந்து கேட்டார்கள். இப்போது இப்படி இருக்கிறது:

"ஆன்_எரர்: படிக்க முடியாத ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை, அந்த வரியைக் கண்ட உடனே, வாசிப்பான் இதைக் கூப்பிடும். உங்களுக்கு இரண்டு ஆர்குமென்ட் வரும்: வரி எண் (1இல் தொடங்கும்), அந்த வரியில் இருந்த உரை. நீங்கள் ட்ரூ திருப்பினால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ஃபால்ஸ் திருப்பினாலும், எதுவும் திருப்பாவிட்டாலும், படிப்பது அங்கேயே நிற்கும். உங்கள் ஃபங்ஷனுக்குள் பிழை எழுந்தால் வாசிப்பான் அதை மறைக்காது, உங்களுக்கே வந்து சேரும். ஆன்_எரர் கொடுக்காவிட்டால் முதல் கெட்ட வரியிலேயே நிற்கும்."

நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லும் ஒருவர் கேட்ட கேள்வி. "1இல் தொடங்கும்" என்பது ஒருவர் பூஜ்யத்திலிருந்து எண்ணி அடுத்த வரியைத் திருத்திவிட்ட பிறகு சேர்த்தது. "எதுவும் திருப்பாவிட்டாலும்" என்பதைச் சேர்த்தது, உள்ளே பிரின்ட் மட்டும் வைத்துவிட்டு ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒருவர் அரை நாள் தேடியதால்.

விளக்கத்துக்குக் கீழே ஓர் உதாரணம் கட்டாயம் போடுங்கள், அதில் டெஃப் போட்டுப் பெயருள்ள ஃபங்ஷனை எழுதி, அடுத்த வரியில் பெயரை மட்டும் கொடுத்துக் காட்டுங்கள். லேம்டாவில் உதாரணம் எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அடைப்புக்குறி போடக் கூடாது என்பது அதில் கண்ணுக்குத் தெரியாது.

தமிழில் ஆவணம் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வாக்கியம் முடித்துவிடலாம், பேச்சில் அது சுகம், இந்த விஷயத்தில் அதுவே வம்பு. "இங்கே கொடுத்த ஃபங்ஷனை ஒவ்வொரு வரிக்கும் கூப்பிட வேண்டும்" என்று நானே ஒருமுறை எழுதிவைத்தேன். வாசித்த பையன் தானே ஃபார் போட்டு ஒவ்வொரு வரிக்கும் கூப்பிட்டு வைத்திருந்தான், நூலகமும் கூப்பிட்டது, எல்லாம் இரண்டு இரண்டு தடவை பதிவானது. அவன் மேல் தவறில்லை. "வாசிப்பான் கூப்பிடும்", "நீங்கள் திருப்ப வேண்டும்" என்று யார் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை.

சொற்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஃபங்ஷனைச் செயற்கூறு என்கிறார்கள், நல்ல சொல். எங்கள் பக்கம் வேலையில் ஃபங்ஷன் என்றே பேசுவதால் இங்கே அப்படியே எழுதினேன். எதை எடுத்தாலும் பக்கம் முழுக்க ஒன்றையே வையுங்கள். "கொடு", "கூப்பிடு" என்ற இரண்டு வினைகளை மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள், ஒன்றுக்குப் பதில் ஒன்று வந்துவிட்டால் மற்ற விளக்கம் எல்லாம் வீண்.

தந்தை_பெயர் என்று ஃபங்ஷனுக்கே தமிழில் பெயர் வைக்கலாமா, அல்லது உதாரணத்துக்காக எழுதினீர்களா?

வைக்கலாம். 2008இல் வந்த பைத்தான் 3.0 முதல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க முடியும், புள்ளியும் கால் கொம்பும் எல்லாம் செல்லும். டெஃப், ஃபார், ரிட்டர்ன் போன்ற மொழியின் சொற்களும், சார்ட்டட் மாதிரி ஏற்கெனவே உள்ள பெயர்களும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். மண்டபத்தில் முதல் இரண்டு மாதம் தமிழ்ப் பெயர்தான் வைக்கச் சொல்கிறேன். எது பைத்தானுடைய பெயர், எது தான் வைத்த பெயர் என்பது பிள்ளைக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது, கீ= என்பதற்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பெயர் நிற்கும்போது "இது என்னுடையது, இதைப் பைத்தானிடம் கொடுக்கிறேன்" என்று அவர்களே சொல்கிறார்கள்.